இரண்டாவது கையெழுத்து

மே 3, சனி

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். தினமும் என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும் என்றார். இன்றைக்கு என்ன செய்தேன்? ரேஷன் கடைக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தேன். மத்தியானம் தூங்கினேன். முடிந்தது.

சாயங்காலம் மின்வாரிய ஆபீஸ் கடிதம் வந்தது. பதினான்கு மாத விடுப்பு போதுமாம். லைன்மேன் தவசிலிங்கம் ஜூன் 2 காலை எட்டு மணிக்கு வேலையில் சேர வேண்டும், இல்லையென்றால் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். என் விருப்பத்தை அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரி பூரணம் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். நாற்பத்தாறு வயதில் ஓய்வா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இன்னும் ஒரு மாதம் கிடக்கிறதே என்றேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். அருப்புக்கோட்டைக்குக் கத்திரி என்று தனியாக ஒன்று வேண்டுமா என்ன.

பூரணம் மாடி அறையில் உட்கார்ந்து, பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்கிறாள். மதுரையில் ஒரு அறக்கட்டளைக்காக. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்க வேண்டும். மேலே மொட்டை மாடி வெயில். அவள் தாங்குகிறாள், கம்ப்யூட்டர் தாங்குவதில்லை. அதற்குள் இருக்கும் விசிறி மாவு மில் மாதிரி இரைகிறது. பாடத்துக்குப் பின்னால் இரைச்சல் கேட்கிறது என்று பதினொரு பாடங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும்.

"பாகம் பாகமா வாங்கி நீங்களே ஒண்ணு சேத்துக் குடுங்க. சத்தமே இருக்கக் கூடாது" என்றாள். கடையில் செய்து வாங்கலாமே என்றேன். கேட்காதவள் மாதிரி கீழே போய்விட்டாள். இந்த வேலையை எதற்கு என் தலையில் கட்டுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சரியென்றேன்.

மே 6, செவ்வாய்

மதுரைக்குப் போய் வந்தேன். கம்ப்யூட்டர் கடை அன்சாரி நல்ல பையன் இல்லை, நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர். அறையின் சூட்டைச் சொன்னதும் தண்ணீர் விட்டுக் குளிர வைக்கலாம் என்றார். எனக்கு வந்ததே கோபம். இருபத்திரண்டு வருடம் லைனில் நின்றவனிடம் தண்ணீரையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள் வை என்கிறாரே. எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். டீ சொல்லியிருந்தார், அதற்காகத் திரும்பி உட்கார்ந்தேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சூடாகும் சில்லு மேல் ஒரு செம்புக் கட்டி. அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஆறித் திரும்பி வரும். தள்ளி விட ஒரு சின்ன பம்பு. கார் இன்ஜினில் நடப்பதுதான். பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. ரேடியேட்டர், பம்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அறைக்குள் எதற்கு? சுவரில் ஓட்டை போட்டு வெளியே நடையில் வைத்துவிட்டால் என்ன? சத்தமும் வெளியே, தண்ணீரும் வெளியே. அன்சாரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். இருபது வருடக் கடையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். பாராட்டா கிண்டலா தெரியவில்லை.

மே 7, புதன்

காலையிலிருந்து வரைந்தேன். மூன்று தாள் கிழித்துப் போட்டு நாலாவது சரியாக வந்தது. கம்ப்யூட்டர் பெட்டி மேசை மேல். தொட்டியும் பம்பும் சுவருக்கு அந்தப் பக்கம், பெட்டியைவிடத் தாழ்ந்த ஸ்டூலில். எது ஒழுகினாலும் நடைத் தரையில்தான் விழும். கரண்ட் வந்து இறங்கும் டப்பா பெட்டியின் உச்சியில், குழாய் எதுவும் அதற்கு மேல் போகாது. பம்பு நின்றுபோனால் கம்ப்யூட்டர் தானே அணைய வேண்டும். அதற்கு வழி இருக்கிறது என்று அன்சாரி சொல்கிறார்.

இரண்டு குழாய் மட்டும் உள்ளே வரும். நேரே வராது. பெட்டியைவிடக் கீழே தொங்கி, ஒரு வளைவு வளைந்து, பிறகு மேலேறி உள்ளே நுழையும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரை அப்படித்தான் தொங்கவிடுவோம். மழைத் தண்ணீர் வயரோடு வழிந்து வளைவில் சொட்டிப் போகும், மீட்டருக்குள் இறங்காது. பூரணத்துக்கு விளக்கிக் காட்டினேன். ரொம்ப நாள் கழித்து இவ்வளவு பேசுகிறீர்கள் என்றாள். வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

ஒன்றும் செய்யவில்லை. வெயில்.

மே 11, ஞாயிறு

அசட்டு வேலை ஒன்று செய்தேன். மெக்கானிக் கடையில் ஒரு பழைய ரேடியேட்டர் கிடந்தது, சின்னது, நல்ல நிலையில். தூக்கி வந்துவிட்டேன். அன்சாரி போனில் ஒரே கேள்விதான் கேட்டார், அது அலுமினியமா செம்பா? எனக்குத் தலை குனிந்துவிட்டது. அலுமினியம். இந்தப் பக்கம் செம்புக் கட்டி. ஒரே தண்ணீர் இரண்டையும் தொட்டு ஓடினால் ஒன்றையொன்று தின்றுவிடும், ஆறு மாதத்தில் குழாயெல்லாம் சேறு. அலுமினியக் கம்பியில் செம்பு வயரை நேரடியாக முறுக்காதே, நடுவில் கிளாம்ப் போடு என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். எனக்கே மறந்துபோயிற்று. பதினான்கு மாதம் சும்மா இருந்தால் இதுதான். திருப்பிக் கொடுத்துவிட்டுச் செம்பு ரேடியேட்டருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மே 14, புதன்

சுவரில் ஓட்டை. உளியும் சுத்தியலும் வைத்து நாலு மணி நேரம். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். டிரில்லிங் மிஷின் பரணில்தானே கிடக்கிறது என்றாள் பூரணம். புழுதி பறக்கும் என்றேன். உளியில் மட்டும் பறக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே விளக்குமாற்றை எடுத்துவந்தாள்.

மே 16, வெள்ளி

பாகங்கள் எல்லாம் வந்துவிட்டன. நானும் பூரணமும் தரையில் பாய் விரித்துப் பொருத்தினோம். அவள் விரல் சின்னது, திருகாணி எல்லாம் அவள். குழாய், கிளிப் எல்லாம் நான். அறைக்குத் தனியாக ஒரு கசிவுத் தடுப்பு சுவிட்ச் போட்டாயிற்று. தண்ணீர் பட்டுக் கரண்ட் கசிந்தால் கண் மூடித் திறப்பதற்குள் விழுந்துவிடும். வயரெல்லாம் மெயினை அணைத்த பிறகு நான்தான் மாட்டினேன். மெயினை அணைத்ததும் போட்டதும் பூரணம். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் அவள்தான். என் கையில் பசை இருந்தது.

மே 17, சனி

பூரணம் கரண்ட் பில் கட்டப் போயிருந்தாள். என்னோடு லைனில் நின்ற காசிமாயன் கவுண்டரில் இருந்தானாம். இடது கையாலேயே வேகமாகத் தட்டுகிறானாம். என்னைக் கேட்டானாம்.

மேலே எழுதப் பிடிக்கவில்லை.

மே 19, திங்கள்

தண்ணீர் ஊற்றினேன். குழாய்த் தண்ணீர் உப்பு, கேன் தண்ணீரையும் நம்ப முடியாது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஐந்து லிட்டர், அதோடு பாசி பிடிக்காமலிருக்க அன்சாரி கொடுத்த மருந்து. பேட்டரித் தண்ணீரில் கரண்ட் பாயாதாமே என்றாள் பூரணம். சுத்தமாக இருக்கிற வரைக்கும் அவ்வளவாகப் பாயாது, ஒரு சிட்டிகைத் தூசி விழுந்தால் பாயும், அதை நம்பி யாரும் உயிரை வைக்கக் கூடாது என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பம்பை மட்டும் பழைய யு.பி.எஸ். பேட்டரியில் கொடுத்து ஓடவிட்டேன். பன்னிரண்டு வோல்ட், அதை நானே மாட்டினேன். பன்னிரண்டு வோல்ட்டெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு பொட்டு ஈரம். சுவரோரத்து இணைப்பில் ரப்பர் வளையம் பிசகியிருக்கிறது. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், சந்தோஷமாக இருந்தது. பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று மாடியிலிருந்தே கத்தினேன். பூரணம் வந்து ஈரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

மே 21, புதன்

வளையம் மாற்றி, எல்லா இணைப்பையும் கழற்றித் திரும்ப மாட்டினேன். புதிதாகச் செய்தித்தாள். இருபத்து நாலு மணி நேரம் பம்பு மட்டும் ஓட வேண்டும். ஒரு சொட்டும் இல்லையென்றால்தான் கம்ப்யூட்டருக்குக் கரண்ட். அதற்குள் யாராவது தெரியாமல் போட்டுவிட்டால்? ஒரு அட்டையில் எழுதிச் சுவிட்ச்போர்டில் மாட்டிவிட்டேன்: "லைன் கிளியர். ஆள் வேலையில் இருக்கிறார். சுவிட்ச் போடாதே. வாங்கியவர்: தவசிலிங்கம். திருப்பியவர்:"

பூரணத்துக்குச் சிரிப்பு. வீட்டில் நாம் இரண்டு பேர்தானே என்றாள். நான் பழக்கத்தில் எழுதியது. கம்பத்தில் ஆள் ஏறுமுன் சப்ஸ்டேஷனில் லைனை அணைக்கச் சொல்லி வாங்கும் அனுமதிக்குப் பெயர்தான் லைன் கிளியர். யார் வாங்குகிறாரோ அவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் அமைச்சரே வந்து நின்றாலும் லைனைப் போடக் கூடாது.

மே 22, வியாழன்

காய்ந்திருக்கிறது. இருந்தாலும் இன்னொரு நாள் ஓடட்டும்.

மே 23, வெள்ளி

காய்ந்திருக்கிறது. வெயிலில் ஈரம் உடனே காய்ந்துவிடுமே, அப்படியானால் தாள் எதைக் காட்டும்? நீல மை தொட்டுக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு விழுந்தாலும் மை கலங்கிவிடும்.

மே 24, சனி

கலங்கவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. பூரணம் சார்ஜில் போட்டாள்.

மே 25, ஞாயிறு

இன்னும் ஒரு வாரம் ஓடட்டும் என்றேன். பூரணத்துக்கு ஒரு பாடமும் பதிவாகவில்லை. அவள் பொறுமைக்காரி. இன்றைக்குப் பொறுமை போய்விட்டது. அப்படியானால் நீயே போடு என்றேன். சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். போடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அட்டைல உங்க பேருதான் இருக்கு. நான் எப்படிப் போடுறது?" என்றாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். "பதினாலு மாசமா இந்த வீட்டுல ஒரு சுவிட்ச் நீங்க போட்டதில்ல. லைட்டு, ஃபேனு, மிக்சி ஒண்ணுகூட. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

கீழே வந்து உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்து கூடம் இருட்டியதும் அவளே வந்து விளக்கைப் போட்டாள்.

மே 26, திங்கள்

எழுதித் தொலைக்கிறேன்.

லைன் கிளியர் நோட்டில் இரண்டு இடத்தில் கையெழுத்து உண்டு. காலையில் லைனை வாங்கும்போது ஒன்று. வேலை முடிந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, சப்ஸ்டேஷனுக்கு வந்து இன்னொன்று. சப்ஸ்டேஷன் ஏழு கிலோமீட்டர். யார் திரும்பிப் போவது? எங்கள் செட்டில் காலையிலேயே இரண்டு இடத்திலும் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். முடிந்ததும் ஒரு போன். பல வருடப் பழக்கம், யாரும் தப்பாக நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

போன வருடம் மார்ச். நான் எட்டு மணிக்கே இரண்டு கையெழுத்தும் போட்டேன். பன்னிரண்டரைக்கு வேலை முடிந்துவிட்டது, காவலுக்கு லைனில் மாட்டியிருந்த எர்த் கம்பியைக் கழற்றியாயிற்று, காசிமாயன் கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். கரண்ட் எப்போது வரும் என்று தறிக்காரர்கள் போன் மேல் போன். அவன் பாதி இறங்கியதைப் பார்த்தேன். பாதிதான் பார்த்தேன். திரும்பி நின்று சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, வேலை முடிந்தது, லைனைக் கொடுங்கள் என்றேன். மேலே கட்டிங் பிளையரை மறந்து வைத்துவிட்டு, அதை எடுக்க அவன் மறுபடி ஏறியிருக்கிறான். எனக்கு முதுகுப் பக்கம்.

வலது கை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணையில், யாருக்கும் சொல்லாமல் தானாகவே ஏறிவிட்டதாகக் காசிமாயனே எழுதிக் கொடுத்தான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை மூன்று முறை போனேன். மூன்று முறையும் திரும்பி வந்துவிட்டேன். அவன் வீடு இங்கிருந்து இரண்டு தெரு.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. காலை பத்து மணிக்கு வாசலில் காசிமாயன் நின்றான். பூரணம்தான் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். வா மாப்ள என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் உட்காரவும் இல்லை. தங்கச்சி, கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நேரே மாடிக்கு ஏறிவிட்டான்.

நடையில் குனிந்து தொட்டியைப் பார்த்தான், பம்பைப் பார்த்தான், ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் இடது கையைக் கொடுத்துத் தடவிப் பார்த்தான். குழாயின் வளைவைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். சர்வீஸ் வயரை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாயே என்றான். பிறகு அட்டையை வாசித்தான். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

அப்போது சொல்லிவிட்டேன். "காலையிலயே ரெண்டு எடத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டேன் மாப்ள. நீ எறங்குனத முழுசாப் பாக்கல."

"தெரியும். பேனா என்னோடதுதான. நாந்தான ஒன் கையில குடுத்தேன்" என்றான்.

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவனே மேலே பேசினான்.

"எத்தன நாளு நானும் அப்படிப் போட்டுருக்கேன். அன்னைக்கு ஒன் மொற. அதுக்குக் கோவம் இல்ல மாப்ள. ஒரு நாளு வந்து பாக்கலயே நீயி. அதுக்குத்தான் கோவம். இன்னமும் இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அவன் தடுக்கவில்லை. பூரணம் படியிலேயே நின்றுகொண்டாள். நான் மூக்கைச் சிந்தி முடித்ததும், சரி, லைனைத் திருப்பிக் கொடு, தங்கச்சி எத்தனை நாள்தான் காத்திருக்கும் என்றான். நீ போடேன் என்றேன். நான் போட மாட்டேன், நீ வாங்கியது என்றான்.

பிறகு முறையாகக் கேட்டான், நான் முறையாகச் சொன்னேன். வேலையில் ஆள் எத்தனை? மூன்று. எல்லாரும் இறங்கிவிட்டார்களா? பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பூரணம் வாசல்படியிலிருந்து இருக்கிறேன் என்றாள். காசிமாயன் சுவரோரம் தள்ளி நின்று இருக்கிறேன் என்றான். இரண்டு பேரையும் தலையிலிருந்து கால் வரை பார்த்தேன். தாளைப் பார்த்தேன், மை கலங்கவில்லை. குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். பம்பு வயரைப் பேட்டரியிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். அவன் சட்டைப் பையிலிருந்து இடது கையால் பேனாவை எடுத்து நீட்டினான். "திருப்பியவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அட்டையைக் கழற்றினேன். சுவிட்சைப் போட்டேன்.

சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். சத்தம் இல்லை. ஓடுகிறதா இல்லையா என்று பூரணம் கேட்டாள். காசிமாயன் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பாக இருக்கிறது, ஓடுகிறது என்றான்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். கருவாட்டுக் குழம்பு. இடது கையால் பிசைந்து சாப்பிடுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோற்றைப் பார்த்துச் சாப்பிடு என்றான்.

மே 30, வெள்ளி

பூரணம் ஒன்பது பாடம் முடித்துவிட்டாள். படியில் உட்கார்ந்து கேட்டேன். பின்னால் ஒரு இரைச்சலும் இல்லை. ஐந்தாம் வகுப்பு அறிவியல், நீரின் மூன்று நிலைகள்.

விளக்கை நான் போட்டேன். மிக்சியை இன்னும் போடவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

காக்கிக் கால்சட்டை இடுப்பில் பிடிக்கிறது. பூரணம் தையலைப் பிரித்துவிட்டாள். கையுறையையும் கயிற்றையும் எடுத்து வைத்தேன். சாயங்காலம் காசிமாயன் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள். அதிகம் பேசவில்லை. நாளைக்குச் சேர்கிறேன் என்றேன். தெரியும் என்றான்.

ஜூன் 2, திங்கள்

எட்டு மணிக்கு ஆபீஸ். எட்டரைக்கு சப்ஸ்டேஷன். பாளையம்பட்டிப் பக்கம் லைன் வேலை, என்னோடு நான்கு பேர். நோட்டை நீட்டினார்கள். முதல் இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அங்கே இருந்தவர் இரண்டாவது இடத்தைக் காட்டி, இதையும் போட்டுவிடுங்கள் அண்ணே, எதற்கு வெயிலில் திரும்பி வருகிறீர்கள் என்றார். வருகிறேன் என்றேன்.

மத்தியானம் ஒன்று பத்துக்கு வேலை முடிந்தது. நான்கு பேரையும் ரோட்டோரம் வரிசையாக நிற்கச் சொல்லிப் பேர் கூப்பிட்டேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். பைக்கில் ஏழு கிலோமீட்டர் வந்து இரண்டாவது கையெழுத்துப் போட்டேன். பேனா காசிமாயனுடையது. புதன்கிழமை திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறேன்.